அறிக்கையில் இருந்த ஒரு சொல்

அந்த மருத்துவ அறிக்கை மூன்று பக்கங்கள் கொண்டது. முதல் இரண்டு பக்கங்களை எங்கள் வீட்டில் எவரும் ஊன்றிப் படிக்கவில்லை. மூன்றாம் பக்கத்தின் அடியில், ஹெர்2 ஜீன் பெருகியிருக்கிறது என்னும் பொருளில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. 'ஜீன்' என்ற சொல்லைக் கண்டதும் எங்கள் மாமா தாளை நான்காக மடித்துத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இது வெளியே தெரிய வேண்டாம். ஜீனில் இருக்கிறது என்றால் பரம்பரை நோய் என்றுதானே பொருள்? நாளைக்குச் சின்னவளை யார் கேட்டு வருவார்கள்?"

எங்களில் இளையவளுக்கு அப்போது நிக்காஹ் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு முறை வந்து போயிருந்தார்கள். அடுத்த வாரம் நாள் குறிப்பதாகப் பேச்சு. மாமா கெட்ட எண்ணத்தில் அவ்வாறு சொல்லவில்லை. தம் சகோதரியின் நோயால் ஏற்கெனவே உடைந்துபோயிருந்த மனிதர், மருமகளையாவது காப்பாற்ற வேண்டும் என்று பதறினார். ஆயினும் அந்த மடித்த தாள் அன்றிரவு முழுதும் எங்களை உறங்கவிடவில்லை. நாங்கள் நால்வர், மூவர் பெண்கள். மாமா சொன்னது உண்மையானால் அந்தத் தாளில் எழுதப்பட்டிருந்தது உம்மாவைப் பற்றி மட்டுமன்று.

இவ்விடத்தில் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். காயல்பட்டினத்தில் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மருந்துப் பெட்டியும், முடியெல்லாம் உதிர்ந்த மாமியாரும் இருக்கும் வீட்டுக்குள்ளேயே குடிவரப் போகிறவரிடம் எதை, எத்தனை நாளைக்கு மறைப்பது? இந்தக் கேள்வி மாமாவுக்குத் தோன்றவில்லை. அச்சம் வந்துவிட்டால் கணக்கு தப்பிவிடுகிறது.

மறைப்பது எங்கள் வீட்டுக்குப் புதிதும் அன்று. உம்மாவே ஆறு மாதம் மறைத்தார். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட கட்டியை முதலில் வாப்பாவிடமும் சொல்லவில்லை. ரமலான் கழியட்டும், ஹஜ்ஜுப் பெருநாள் கழியட்டும், பேரனுக்குப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார். ஆண் மருத்துவரிடம் காட்ட வேண்டியிருக்குமோ என்ற கூச்சம்தான் உண்மைக் காரணம். புளியங்கொட்டை அளவில் இருந்தது நெல்லிக்காய் அளவுக்கு வந்த பிறகு, ஈரத் துணியைக் கொடியில் போடக் கையை உயர்த்திய உம்மாவின் முகம் சுளித்ததை லாத்தா கண்டுபிடித்தார். அதன்பின் எல்லாம் விரைந்து நடந்தன. மதுரையில் அறுவைச் சிகிச்சை. எடுத்த கட்டி ஆய்வகத்துக்குப் போனது.

ஆய்வகத்தில் முதலில் திசுவுக்குச் சாயமேற்றிப் பார்க்கிறார்கள். செல்லின் மேற்பரப்பில் ஹெர்2 என்னும் புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதை 0, 1, 2, 3 என்று மதிப்பிடுகிறார்கள். 0, 1 என்றால் இல்லை. 3 என்றால் உண்டு. உம்மாவுக்கு வந்தது 2. அதாவது, உறுதியாகச் சொல்ல முடியாது. அத்தகையவர்களுக்கு ஃபிஷ் என்ற இன்னொரு சோதனை செய்து, புரதத்தை விட்டுவிட்டு மரபணுவையே நேராக எண்ணிப் பார்க்கிறார்கள். அதன் முடிவுக்குப் பத்து நாள் காத்திருந்தோம். அந்த முடிவுதான் மாமாவின் சட்டைப்பைக்குப் போன தாள்.

மறுவாரம் மருத்துவரைப் பார்க்கப் போனபோது நாங்கள் கேட்ட முதல் கேள்வி உம்மா பிழைப்பாரா என்பதாக இருந்திருக்க வேண்டும். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்: "இது பிள்ளைகளுக்கும் வருமா?" என்றுதான் கேட்டோம். உம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரும் அதைத்தான் கேட்க நினைத்திருந்தாராம்.

அந்தப் பெண் மருத்துவர் மருந்துச் சீட்டின் பின்புறத்தில் ஒரு வட்டம் வரைந்தார். அதுதான் செல். வட்டத்தின் விளிம்பில் சிறு சிறு கொம்புகள். அவை ஏற்பிகள். வெளியிலிருந்து வரும் 'வளர்' என்ற செய்தியை வாங்கி உள்ளே அனுப்புவது அவற்றின் வேலை. அந்தச் செய்தியைக் கொண்டு வரும் பொருளுக்கு வளர்ச்சிக் காரணி என்று பெயர். தோல் காயம் ஆறுவதும், குழந்தை வளர்வதும், பால் சுரப்பிகள் பருவத்தில் பெருகுவதும் இத்தகைய செய்திப் போக்குவரத்தால்தான். ஹெர்2 என்பது இந்த ஏற்பிகளில் ஒன்று. நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பத்தில் இரண்டாமவர்.

இந்த இரண்டாமவரிடம் ஒரு வினோதம் உண்டு. மற்றவற்றுக்குச் செய்தி வந்து ஒட்டினால்தான் விழிப்பு. ஹெர்2-க்கென்று தனியாக ஒட்டும் செய்திப் பொருள் எதுவும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. அது எப்போதும் கையை நீட்டியபடியே நின்று, செய்தி பெற்ற தன் உடன்பிறப்புகளோடு கைகோத்து வேலை செய்கிறது. அளவாக இருக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. ஓர் இயல்பான செல்லில் ஏறத்தாழ 20,000 ஹெர்2 ஏற்பிகள் இருக்கும் என்கிறார்கள். உம்மாவுக்கு வந்தது போன்ற கட்டியின் செல்லில் அது 20 இலட்சம் வரை போகக்கூடும். அவ்வளவு நெருக்கத்தில் அவை தமக்குள்ளேயே கைகோத்துக்கொள்கின்றன. வாசலில் யாரும் நிற்கவில்லை, அழைப்பு மணி மட்டும் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செல் அதைக் கேட்டுப் பிளந்துகொண்டே போகிறது.

ஏற்பி ஏன் அவ்வளவு கூடியது? அதைச் செய்வதற்கான மரபணு 17-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. தாய் வழியில் ஒன்று, தந்தை வழியில் ஒன்று என ஒவ்வொருவரிடமும் இரண்டு படிகள். உம்மாவின் கட்டியில், ஏதோ ஒரு செல் பிளவுபடும்போது நேர்ந்த தவற்றால், அந்த இரண்டு பலவாகிவிட்டன. ஃபிஷ் சோதனையின் படத்தை மருத்துவர் திரையில் காட்டினார். கறுப்புப் பின்னணியில் நீல உருண்டைகள். ஒவ்வொன்றிலும் இரண்டொரு பச்சைப் புள்ளிகள். அவை குரோமோசோமைக் குறிப்பவை. அவற்றைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகச் சிவப்புப் புள்ளிகள், அவை ஹெர்2. இயல்பான செல்லில் சிவப்பும் பச்சையும் சமமாக இருக்குமாம். மாதுளை முத்துக்களைச் சிதறவிட்டது போல் அது பார்க்க அழகாகவே இருந்தது. அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

பிறகு மருத்துவர் சொன்னதை அப்படியே நினைவில் வைத்திருக்கிறோம். "இந்தப் பெருக்கம் கட்டியில் மட்டும்தான். உங்கள் உம்மாவின் கையில், கண்ணில், இரத்தத்தில் இன்றும் இந்த மரபணு இரண்டுதான். அவர் உங்களுக்குக் கொடுத்ததும் அந்த நல்ல படிதான்."

உம்மா அழுதது அப்போதுதான். நோய் என்று சொன்ன அன்று அழாதவர்.

ஆனால் மருத்துவர் அதோடு நிறுத்தவில்லை, நிறுத்தாதது நல்லது. பரம்பரையாக வரும் மார்பகப் புற்றுநோய் என்று ஒன்று உண்டு, அது வேறு மரபணுக்களைப் பொறுத்தது என்றார். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்று அவற்றுக்குப் பெயர். அவற்றில் உள்ள பிழை பிறக்கும்போதே உடலின் எல்லாச் செல்களிலும் இருக்கும்; பிள்ளைக்கு அது செல்ல இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒரே குடும்பத்தில் இளவயதில் பலருக்கு மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்திருந்தால் அந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். எங்கள் உம்மாவுக்கு 58 வயது. இருபுறத்து உறவிலும் வேறு எவருக்கும் இல்லை. ஆகவே அந்த ஐயம் குறைவு. என்றாலும் தாய்க்கு வந்திருந்தால் மகளுக்கு மற்றவர்களைவிட வாய்ப்பு ஓரளவு கூடுதல்தான் என்பதையும், மகள்கள் மூவரும் உரிய வயதிலிருந்து தவறாமல் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தார். ஆகவே நாங்கள் வீட்டுக்குக் கொண்டுபோன விடை "இல்லை" என்ற ஒற்றைச் சொல்லாக இருக்கவில்லை. மாமாவுக்கு அதை விளக்கவே ஒரு முழு மாலை ஆயிற்று.

அதற்குப் பின் இந்த மரபணுவைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினோம். வளர்ச்சிக் காரணி என்ற எண்ணமே சுண்டெலிக் குஞ்சுகளிடமிருந்து வந்தது. ஸ்டான்லி கோஹென் என்ற அறிஞர், உமிழ்நீர்ச் சுரப்பியின் சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தியபோது, அவை வழக்கத்தைவிட முன்னதாகவே கண் திறந்தன. ஏன் என்று தேடிப் போனவர் கண்டெடுத்தது, தோலின் மேலடுக்கை வளர்க்கும் காரணியை. 1986-இல் அவருக்கும் ரீட்டா லெவி-மொண்டால்சினிக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஹெர்2-இன் பெயரில் உள்ள வளர்ச்சிக் காரணி அதுதான்.

மனித ஹெர்2 மரபணுவை 1985-இல் பிரித்தெடுத்தவர்களில் ஒருவர் ஆக்செல் உல்ரிச். டென்னிஸ் ஸ்லேமன் என்ற மருத்துவர் 189 பெண்களின் கட்டிகளைச் சோதித்து 1987-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவற்றில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக் கட்டிகளில் இந்த மரபணு பெருகியிருந்தது. எவருக்குப் பெருகியிருந்ததோ அவர்களுக்கு நோய் விரைவில் திரும்பியது. அவர்கள் வாழ்ந்த காலமும் குறைவு. மார்பகப் புற்றுநோயில் இவ்வகை 15 முதல் 20 விழுக்காடு என்று இப்போது கணக்கிடுகிறார்கள். அதாவது, அந்த ஆண்டுகளில் எங்கள் உம்மாவின் அறிக்கையை ஒருவர் பெற்றிருந்தால் அது கெட்ட செய்தி மட்டுமே. மருத்துவர் செய்வதற்கென்று தனியாக எதுவும் இருந்திராது.

அந்த ஏற்பியைப் பற்றிக்கொண்டு அதன் வாயை அடைக்கும் ஓர் எதிர்ப்புப் புரதத்தைப் பிறகு உருவாக்கினார்கள். டிரஸ்டுசுமாப் என்று பெயர். ஹெர்செப்டின் என்ற வணிகப் பெயரில் 1998 செப்டம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. முதலில் நோய் பரவியவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். நோய் பரவுவதற்கு முன்பே, கீமோவோடும் அதன் பின்னும் ஓராண்டு கொடுத்தால் நோய் திரும்புவது ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்ற ஆய்வு முடிவுகள் 2005-இல் வந்தன. கெட்ட செய்தியாக இருந்த அதே வரி, மருந்துக்கு வழிகாட்டும் வரியாக மாறியது இவ்வாறுதான். அல்ஹம்துலில்லாஹ்; உம்மாவுக்கு நோய் வந்தது 2017-இல்.

மாமாவின் அடுத்த ஐயம், அது எலியிலிருந்து எடுத்த மருந்தாமே, ஆகுமா என்பது. எங்களுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டோம். கேள்வியில் ஓர் அடிப்படை இருந்தது. அந்த எதிர்ப்புப் புரதம் முதலில் சுண்டெலியில்தான் உருவானது. மனித உடல் அதை அந்நியமாகக் கருதி விரட்டிவிடும் என்பதால், பற்றிக்கொள்ளும் சிறு பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மனிதப் புரதமாக மாற்றி அமைத்தார்கள். ஆலையில் அதைச் சுரப்பவை, வெள்ளெலி இனம் ஒன்றின் சினைப்பையிலிருந்து பல ஆண்டுகளுக்கு முன் எடுத்துத் தொட்டிகளில் வளர்க்கப்பட்டு வரும் செல்கள். இவ்வளவையும் எங்கள் பள்ளிவாசல் இமாமிடம் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உயிர் காக்கும் சிகிச்சையில் வேறு வழி இல்லாதபோது மார்க்கம் இடம் தந்திருப்பதை எடுத்துச் சொன்னார். பின்பு மாமாவைப் பார்த்து, "உங்கள் லாத்தாவுக்கு முதல் ஊசி எப்போது?" என்று மட்டும் கேட்டார். மாமா அதற்கு மேல் பேசவில்லை. மதுரைக்கு எல்லா முறையும் வண்டி ஓட்டியவரும் அவர்தான்.

பணம் வேறு கதை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஓராண்டு. இந்தியாவில் பயோகான் நிறுவனத்தின் மாற்று வடிவம் 2014-இல் விற்பனைக்கு வந்த பின் விலை இறங்கியது; உலக நலவாழ்வு அமைப்பு 2015-இல் இம்மருந்தை இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இறங்கிய விலையும் எங்களைப் போன்ற குடும்பத்துக்கு மலைதான். வாப்பா கொழும்பில் கல் வியாபாரம் செய்து சேர்த்தது பாதி போயிற்று. மீதிக்கு நகையை எடுக்கலாம் என்றபோது, அது சின்னவளுடையது, தொடக்கூடாது என்று உம்மா படுக்கையிலிருந்தபடியே தடுத்தார். சின்னவள் அலமாரிச் சாவியைக் கொண்டுவந்து வாப்பாவின் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதைப் பற்றிப் பின்னர் ஒருவரும் பேசவில்லை.

மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வதா என்பதை வாப்பா ஒரே வாக்கியத்தில் முடித்தார். "கல்லில் கீறல் இருந்தால் சொல்லித்தான் விற்றேன், பிள்ளை விஷயத்தில் மறைப்பேனா?"

"நான் கீறல் விழுந்த கல்லா, வாப்பா?" என்றாள் சின்னவள்.

வாப்பா திடுக்கிட்டுப் போனார். நாற்பது ஆண்டு வியாபாரம் செய்தவருக்கு அதற்கு விடை இல்லை. கடைசியில் அவள் சொன்னபடியே நடந்தது. கீறல் என்ற தொனியில் எதையும் சொல்லக்கூடாது. உம்மாவுக்கு இன்ன நோய், இன்ன சிகிச்சை, மருத்துவர் மகள்களைப் பற்றிச் சொன்னது இது என்று அறிக்கையின் நகலோடு நேராகச் சொல்லிவிட வேண்டும். வாப்பாவும் காக்காவும் போய்ச் சொன்னார்கள். அங்கே மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், தேநீர் கொடுத்தார்கள், துஆ செய்வதாகச் சொன்னார்கள். எட்டு நாள் கழித்து, "சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்" என்று வேறு ஒருவர் வழியாகச் செய்தி வந்தது. அதற்கு என்ன பொருள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

மாமா "நான் சொன்னேனே" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எங்களிடம் மறுமொழி இருந்திராது. அந்தக் குடும்பத்தின் மீது எங்களுக்குக் கோபம் இருந்தது. இப்போது இல்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது.

சிகிச்சைக்கு நடுவே இன்னொரு தடுமாற்றம். இந்த மருந்து சிலருக்கு இதயத்தைத் தளர்த்தும். ஆகையால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எக்கோ எடுத்துப் பார்ப்பார்கள். தொடக்கத்தில் 62 விழுக்காடாக இருந்த உம்மாவின் இதய வெளியேற்றம் ஆறாவது மாதம் 48-க்கு இறங்கியது. ஊசியை நிறுத்தினார்கள். அப்போதுதான் நாங்கள் அறிந்தோம், ஹெர்2 இதயத் தசையிலும் இருக்கிறது, அங்கே அதற்கு நல்ல வேலை இருக்கிறது என்பதை. இந்த மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகள் கருவிலேயே இறந்துவிடுகின்றன. இதயம் சரியாக உருவாவதில்லை. உம்மாவிடம் இதைச் சொன்னபோது வெகுநேரம் பேசாமல் இருந்தார். "அப்படியானால் அதை ஏசக்கூடாது" என்றார்.

ஒன்றரை மாதத்தில் எக்கோ 56-க்கு ஏறியது. ஊசி தொடர்ந்தது. அந்த ரமலானில் உம்மா நோன்பு நோற்க முடியவில்லை. நோயாளிக்குச் சலுகை உண்டு என்று எத்தனை முறை சொல்லியும் ஸஹர் நேரத்தில் எழுந்து எங்களோடு உட்கார்ந்துகொள்வார். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, நோன்பாளிகளான எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சின்னவளுக்கு நிக்காஹ் அடுத்த ஆண்டு வேறிடத்தில் நடந்தது. அங்கும் சொல்லித்தான் பேசினோம். மாப்பிள்ளையின் உம்மா கேட்ட கேள்வி ஒன்றுதான்: அந்த மதுரை மருத்துவர் என்றைக்கு உட்காருவார்? யாருக்காகக் கேட்டார் என்பது எங்களுக்குப் பல மாதங்களுக்குப் பிறகே தெரிந்தது.

மாமாவின் சட்டைப்பையிலிருந்து மீண்ட அந்தத் தாள் இப்போது உம்மாவின் கோப்பில் இருக்கிறது. நான்கு மடிப்பின் தடம் இன்னும் போகவில்லை. சென்ற மாதம் மஃக்ரிபுக்குப் பின் தெருக்கோடி வீட்டுப் பெண் ஒருவர் துப்பட்டிக்குள் ஓர் உறையை வைத்துக்கொண்டு வந்தார். பிள்ளைகளை அடுத்த அறைக்கு அனுப்பச் சொன்னார். உறையைப் பிரித்து, "இதிலும் ஜீன் என்று போட்டிருக்கிறதா, பாருங்கள்" என்று மெல்லிய குரலில் கேட்டார். நாங்கள் பார்த்தோம். ஹெர்2, 3 என்று இருந்தது. நாங்கள் வாய் திறக்கும் முன் உம்மா எழுந்து உள்ளே போய்த் தம் கோப்பை எடுத்துவந்து, அந்தத் தாளுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார்.